நாவிலிருந்து நெஞ்சுக்கு

பொறுமையைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதிவிட்டு வெளியே வருகிறார் ஒரு மாணவர். பொறுமை எத்தனை வகைப்படும், திருமறையில் அது எங்கெங்கே வருகிறது, அறிஞர்கள் அதற்கு என்ன விளக்கம் தந்தார்கள் என்று எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். வாசலில் அவருடைய வண்டியை எடுக்க முடியாதபடி யாரோ குறுக்கே வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான். முகம் சிவக்கிறது, குரல் உயர்கிறது. எழுதிய நான்கு பக்கமும் தாளிலேயே தங்கிவிட்டன.

அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாமும் அவர்தான். நாம் அறிந்தது நிறைய. அறிந்தபடி வாழ்வது கொஞ்சம். அறிந்ததற்கும் வாழ்வதற்கும் இடையே ஓர் இடைவெளி எல்லோருக்குள்ளும் இருக்கிறது. படிக்காதவருக்கு அது சிறிதாகவும் படித்தவருக்குப் பெரிதாகவும் இருக்கிறதோ என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. சமயத்தையே பாடமாக எடுத்துப் படிப்பவரை அந்த இடைவெளி இன்னும் உறுத்தும், ஏனென்றால் அவர் படிப்பதே வாழும் முறையைத்தான். பதறாமல், யாரையும் பழிக்காமல், அந்த இடைவெளியின் அருகில் கொஞ்ச நேரம் அமர்ந்து பார்ப்போம்.

இந்தோனேசியாவில் இப்படிப் படிக்கும் இளைஞர்கள் ஏராளம். பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றும் தன் சமயத்தை, அதே சமயத்தைச் சேர்ந்த ஆசிரியரிடம் கற்கும் உரிமை உடையது என்கிறது அந்த நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அங்குள்ள இஸ்லாமியப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய சமயக் கல்வி என்பது ஒரு முழுப் பட்டப்படிப்பு. யோக்யகர்த்தாவில் 1951இல் உயர்கல்லூரியாகத் தொடங்கி 2004இல் பல்கலைக்கழகமான சுனான் கலிஜாகாவிலும் அந்தத் துறை உண்டு. அங்கே படித்து முடிக்கும் இளைஞரும் இளம்பெண்ணும் நாளை ஏதோ ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பார்கள். தொழுகையைச் சொல்லித் தருவார்கள், வாய்மையைச் சொல்லித் தருவார்கள். பிள்ளைகளோ அவர்கள் சொல்வதைப் பாதி கேட்டு, அவர்களையே முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. பள்ளிக்கு வெளியே நடக்கும் முறைசாராக் கல்வி எவற்றை உள்ளடக்கும் என்று சொல்லும் இடத்தில், முதலாவதாக வாழ்க்கைத் திறன் கல்வி வைக்கப்பட்டிருக்கிறது. மறையும் நபிமொழியும் வகுப்பறைக்குள்ளே. வாழும் திறன் வகுப்பறைக்கு வெளியே. சட்டம் எழுதியவர்கள் இப்படிப் பிரிக்க நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நம் மனம் எப்போதோ அப்படிப் பிரித்து வைத்துவிட்டது.

1990களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தை எடுத்துச் சொன்னது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், முடிவெடுத்தல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல், பிறரோடு பேசிப் பழகுதல் என்று அது போகும். இதைக் கேட்டதும் சமயக் கல்வி மாணவர் பலர் சொல்லும் பதில் ஒன்றுண்டு: இதெல்லாம் எங்கள் மார்க்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உண்மைதான். அந்த உண்மையிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இருக்கிறது என்று சொல்லி முடித்ததும் தேடல் நின்றுவிடுகிறது. நூலில் இருக்கிறது, சரி. என்னிடம் இருக்கிறதா? அந்தக் கேள்வி எழாமலே போய்விடுகிறது.

இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவர். ஜுர்ஜானில் கற்றுவிட்டுத் தம் ஊரான தூஸ் நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்த இளைஞர் கஸ்ஸாலியைக் கொள்ளையர் வழிமறித்தார்கள். இருந்ததையெல்லாம் பறித்துக்கொண்டு போனார்கள். அவர் விடாமல் பின்தொடர்ந்தார். திரும்பிப் போகாவிட்டால் உயிர் மிஞ்சாது என்று தலைவர் மிரட்டினார். மற்றவை உங்களிடமே இருக்கட்டும், என் பாடக் குறிப்புகளை மட்டும் தாருங்கள், அவற்றைக் கேட்டு எழுதி அறிவதற்காகத்தான் ஊர்விட்டு ஊர் போனேன் என்று இளைஞர் மன்றாடினார். தலைவர் சிரித்தார். பையைப் பறித்ததும் போய்விடுகிற அறிவை உன் அறிவு என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டு, பையைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். ஊர் வந்து சேர்ந்த கஸ்ஸாலி மூன்று ஆண்டுகள் உழைத்து அந்தக் குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

பெரும்பாலும் இந்த நிகழ்ச்சியை இங்கேயே முடித்து, மனப்பாடத்தின் சிறப்பைப் பேசுவார்கள். எனக்கென்னவோ கதை இங்கே பாதியில்தான் நிற்பதாகத் தோன்றுகிறது.

ஆண்டுகள் கழிந்தன. 1091இல் அவர் பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தின் தலைமை ஆசான் ஆனார். அப்போது வயது முப்பதுகளின் தொடக்கம். முந்நூறு மாணவர்கள் அவர் முன் அமர்ந்தார்கள். 1095இல் ஒரு நாள் பாடம் சொல்ல வாய் திறந்தார்; நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது, மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். இந்த முறை யாரும் பையைப் பறிக்கவில்லை. நெஞ்சில் ஏற்றியதெல்லாம் நெஞ்சிலேயே இருந்தது. இருந்தும் அவருக்கு அது துணையாகவில்லை. தம்மை உற்றுப் பார்த்தபோது, தம் போதனை இறைவனுக்காக நடக்கவில்லை, பதவியும் பெயருமே தம்மை நடத்தின என்று கண்டதாக, பின்னாளில் தம் வாழ்வைப் பற்றி எழுதிய நூலில் அவரே சொல்கிறார்.

நூலிலிருந்து நினைவுக்கு வருவது ஒரு பயணம். நினைவிலிருந்து நெஞ்சுக்கு வருவது வேறு பயணம். முதல் பயணத்துக்கு மூன்று ஆண்டு போதுமானதாக இருந்தது. இரண்டாவது பயணத்துக்கு அவர் பாக்தாதையே விட்டுப் போக வேண்டியிருந்தது. டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் தனிமை, பிறகு ஜெரூசலம், பிறகு மக்கா. உலகம் போற்றிய ஓர் அறிஞர், தன்னை அறிதல் என்ற ஒன்றைக் கற்பதற்காக மீண்டும் மாணவரானார்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிராது. ஆனால் அவர் பார்த்த இடத்தை நாமும் பார்க்கலாம். ஆசை எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஆசையை விரட்டச் சொல்லவில்லை. விரட்டினால் அது வேறு உடுப்பில் திரும்பி வரும், சில நேரம் பக்தியின் உடுப்பிலேயே வரும். பார்த்தால் போதும். பட்டம் வேண்டும் என்ற ஆசை, அரசுப் பணி வேண்டும் என்ற ஆசை, ஊரில் நாலு பேர் உஸ்தாத் என்று அழைக்க வேண்டும் என்ற ஆசை. இளமையில் இவை இயல்பு. இயல்பானதைப் பார்க்க வெட்கம் எதற்கு? பார்க்கப்படாத ஆசைதான் மனத்தை ஓட ஓட விரட்டுகிறது. பார்க்கப்பட்ட ஆசை மெல்லக் குரல் தாழ்த்துகிறது. குரல் தாழ்ந்த இடத்தில் நாம் தேடிய அமைதி ஏற்கெனவே இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு பொய்யாகிவிடும். இந்தோனேசியாவில் சமய ஆசிரியராகச் சேரும் பலர், தொடக்கத்தில் நிரந்தரமில்லாத பணியில், மிகக் குறைந்த ஊதியத்தில்தான் இருக்கிறார்கள். வாடகைக்கு வழியில்லாதவரிடம் போதுமென்ற மனத்தை மட்டும் போதித்துவிட்டு எழுந்து போவது இரக்கமாகாது. வரவறிந்து செலவிடுவதும், கடனில் மூழ்காமல் இருப்பதும், கைக்கு இன்னொரு தொழில் தெரிந்திருப்பதும் ஆன்மிகத்துக்கு வெளியே இல்லை. நபிமார்களில் ஆடு மேய்த்தவர் உண்டு, தச்சு வேலை செய்தவர் உண்டு, இரும்புக் கவசம் செய்தவர் உண்டு என்பதை இந்த மாணவர்கள் நன்றாகவே அறிவார்கள். அறிந்ததைத் தம் கைகளுக்கும் சொல்ல வேண்டும், அவ்வளவே.

கிழக்கு ஜாவாவின் பொனொரோகோவில் 1926இல் மூன்று சகோதரர்கள் நிறுவிய கொந்தோர் உறைவிட மத்ரஸா இதைச் சொல்லாமல் செய்து காட்டுகிறது. தூய எண்ணம், எளிமை, சொந்தக் காலில் நிற்றல், சகோதரத்துவம், விடுதலை என்று ஐந்தை அது தன் உயிராகக் கொண்டிருக்கிறது. மூத்த மாணவர்களே கடை நடத்துகிறார்கள், கணக்கு வைக்கிறார்கள், இளையவர்களைக் கவனிக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வருபவருக்குக் கூடி வாழ்வது பழகிய செயல். பொதுப் பள்ளியிலிருந்து வருபவருக்கோ திருமறையைச் சரளமாக ஓதவே தடுமாற்றம். அந்த வெட்கம் உள்ளே கனக்கும். மாலாங் நகரின் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்கள் எல்லோரையும் விடுதியில் ஒன்றாகத் தங்க வைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஓதத் தெரிந்தவர் தடுமாறுபவருக்குப் பக்கத்துப் படுக்கையில் இருக்கிறார். தடுமாறுபவரின் வெட்கத்தைப் புண்படுத்தாமல் கற்றுத் தர முடிந்தால், அவர் அன்று கற்பித்தலில் பெரிய பாடம் ஒன்றைத் தேறிவிட்டார்.

பத்துத் திறனையும் ஒரே நாளில் தூக்கிச் சுமக்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போம். சினம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து, எனக்கு ஏதாவது அறிவுரை கூறுங்கள் என்று கேட்டார். சினம் கொள்ள வேண்டாம் என்றார்கள். அவர் மறுபடியும் கேட்டார். அதே பதில். மறுபடியும் கேட்டார். அதே பதில். இந்த நபிமொழியை ஒவ்வொரு சமயக் கல்வி மாணவரும் அறிவார். அறிவிப்பாளர் யார், எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்றும் அறிவார். அந்த மனிதர் ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார் என்பதில்தான் என் மனம் தங்கி நிற்கிறது. இன்னும் பெரிதாக, இன்னும் ஆழமாக ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நாமும் அப்படித்தான் எதிர்பார்க்கிறோம். ஞானம் எங்கோ தொலைவில், கடினமான சொற்களுக்குள் இருக்கும் என்று நினைக்கிறோம். அது இன்று காலை வீட்டில் நாம் உயர்த்திய குரலுக்குள் இருக்கிறது.

அந்த அறிவுரை வெறும் சொல்லோடு நிற்கவில்லை. சினம் வரும்போது நின்றிருப்பவர் அமரட்டும், அமர்ந்தும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று நபிமொழி வழிகாட்டுகிறது. உளூச் செய்து தண்ணீரால் தணிக்கவும் சொல்கிறது. எவ்வளவு எளிமை, பாருங்கள். மனத்தை நேராகப் பிடிக்க முடியாது. உடலைப் பிடிக்க முடியும். உடல் தாழ்ந்தால் குரல் தாழ்கிறது. குரல் தாழ்ந்தால் மூச்சு நீள்கிறது. மூச்சு நீண்டால் எதிரே நிற்பவரின் முகம் மறுபடியும் கண்ணுக்குத் தெரிகிறது. உணர்ச்சியைக் கையாளுதல் என்று இன்றைய பயிலரங்குகள் சொல்லித் தருவது இதைத்தான். சமயக் கல்வி மாணவரோ ஒரு நாளைக்குப் பல முறை உளூச் செய்கிறார். கையில் அந்தத் தண்ணீர் படுகிறது, முகத்தில் படுகிறது. சினத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் உள்ள உறவுதான் பாடப் புத்தகத்தை விட்டு இன்னும் குழாயடிக்கு வரவில்லை.

இஹ்யா என்னும் தம் பெருநூலின் நாற்பது பகுதிகளில் ஒன்றைச் சினத்துக்கும் பகைமைக்கும் பொறாமைக்கும் என்றே ஒதுக்கினார் கஸ்ஸாலி. அந்தப் பகுதியைப் பாடம் நடத்தும் பேராசிரியர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். சினம் வந்த நேரம், வந்த காரணம், அப்போது செய்தது என்று ஒரு வாரத்துக்கு மாணவர்கள் தமக்காக மட்டும் எழுதி வரட்டும். அதை வாங்கிப் படிக்கவும் வேண்டாம், மதிப்பெண் போடவும் வேண்டாம். ஆசிரியரும் சேர்ந்து எழுதட்டும்.

இன்னொரு திறன், கேட்பது. இந்தோனேசியப் பள்ளிவாசல்களில் ஏழு நிமிட உரை என்று ஒரு வழக்கம் உண்டு. ரமலானில் அதிகம் நடக்கும். சமயக் கல்வி மாணவர்கள் அதில் தேர்ந்தவர்கள். எழுந்து நின்று ஏழு நிமிடம் தங்கு தடையின்றிப் பேசிவிடுவார்கள். படிப்பின் ஒரு பகுதியாக ஊர்ப்புறங்களில் போய்ப் பல வாரம் தங்கிப் பணி செய்வார்கள். மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக் கொடுப்பார்கள், ஊர்க்காரர்கள் பேசச் சொன்னால் பேசுவார்கள். ஏழு நிமிடம் குறுக்கே பேசாமல் ஒருவர் சொல்வதைக் கேட்பதற்குத்தான் எங்கும் பயிற்சி இல்லை. 2006 மே மாதம் யோக்யகர்த்தா வட்டாரத்தை நிலநடுக்கம் உலுக்கியபோது 5,700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2010இல் மெராபி எரிமலை குமுறியது. அப்படிப்பட்ட மண்ணில் சமயம் கற்பிக்கப் போகிறவரிடம், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் வந்து அமரக்கூடும். விதியைப் பற்றிய நம்பிக்கைப் பாடத்தில் அந்த ஆசிரியர் முதல் மாணவராகத் தேறியிருப்பார். அந்த நேரத்தில் அந்தத் தாய்க்கு விதியின் விளக்கம் வேண்டியதில்லை. அவள் சொல்லி முடிக்கும் வரை எழுந்து போகாத ஒருவர் வேண்டும்.

எழுந்து போகாமல் இருப்பது எளிதில்லை. மற்றவரின் துயரம் நம் துயரத்தைக் கிளறும். அதனால்தான் அவசரமாக ஓர் ஆறுதல் மொழியைச் சொல்லி மூடிவிடப் பார்க்கிறோம். தன் துயரத்தோடு தனியாக அமர்ந்து பழகியவரால்தான் பிறர் துயரத்தோடு அமர முடியும்.

முடிவெடுத்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இறைவனிடம் வழி கேட்கும் இஸ்திகாரா தொழுகையும், அறிந்தவர்களோடு கலந்து பேசும் வழக்கமும் அவர்களிடம் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருப்பவர் பலரைப் பார்க்கிறோம்.

இவையெல்லாம் எப்போது ஊறும்? வகுப்பு, விடுதி, நண்பர்கள், கைப்பேசி என்று நாள் முழுவதும் மனம் கலங்கிக்கொண்டே இருக்கிறது. உறை ஊற்றிய பாலை நொடிக்கு ஒரு முறை திறந்து கலக்கினால் தயிர் தோயாது. கற்றதையும் கொஞ்சம் ஓர் ஓரமாக வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தொழுகை முடிந்ததும் துள்ளி எழாமல் ஐந்து நிமிடம் அமர்ந்திருப்பது போதும். ஒன்றையும் வேண்டாமல், ஒன்றையும் திட்டமிடாமல் அமர்ந்திருப்பது போதும். நாள் முடிவில் தன்னைத் தானே கணக்குப் பார்ப்பதற்கு இஹ்யாவில் தனிப் பகுதியே உண்டு. கடைக்காரர் இரவில் கணக்கை முடிக்காமல் கதவடைக்க மாட்டார் என்பது அந்தக் காலத்து மாணவருக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும்.

கஸ்ஸாலி மினாராவிலேயே தங்கிவிடவில்லை. 1106இல் நிஷாப்பூரில் மறுபடியும் மாணவர்களுக்கு முன் வந்து அமர்ந்தார். தனிமையில் கிடைத்த அமைதி அவரை மனிதர்களிடமே திருப்பி அனுப்பியது. அவருடைய கடைசி ஆண்டுகளில் ஒரு பழைய மாணவர் கடிதம் எழுதினார்: இத்தனை கலைகளைக் கற்றேன், இவற்றில் நாளை கல்லறையில் எனக்குத் துணை வருவது எது? அந்தக் கடிதத்துக்கு எழுதிய பதில்தான் 'அய்யுஹல் வலத்' என்ற சிறு நூல். சமயக் கல்வித் துறை மாணவர் ஒவ்வொருவரும் அந்தப் பழைய மாணவரின் இடத்தில் ஒரு நாள் நிற்பார். கல்லறை வரைக்கும் போக வேண்டாம். முதல் வேலையின் முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இஷா தொழுத பின், கைப்பேசியைக் கையில் எடுப்பதற்கு முன், ஒன்றே ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நான் கற்றதில் எதை இன்று ஒரு மனிதரிடம் பயன்படுத்தினேன்? ஒன்றுமில்லை என்று பதில் வந்தாலும் உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். நாளை இரவும் கேளுங்கள்.